“மாத்திடலாம்”னு சொல்ற டாக்டர் ஒரு ஆய்வைக் காட்டினா அதை எப்படி கேள்வி கேக்கறது

நீங்க கே, இல்ல லெஸ்பியன்னு வீட்ல விஷயம் தெரிஞ்சதும் கொஞ்ச நாள் அழுகை, சாப்பாடு இறங்காது, அப்புறம் சித்தப்பாவோ மாமாவோ நாலு இடத்துல விசாரிச்சு ஒரு டாக்டர் பேரோட வருவாங்க, “பெரிய ஆளு, ஃபாரின்ல படிச்சவரு, பேசியே சரி பண்ணிடுவாரு”ன்னு. அங்க போனா அந்த டாக்டர் “இதெல்லாம் அமெரிக்காவுலயே நிரூபிச்சிருக்காங்கம்மா, இத்தனை பெர்சன்ட் மாறியிருக்காங்க”ன்னு ஒரு பேப்பரையோ புத்தகத்தையோ காட்டுவாரு, அம்மா முகத்துல ஒரு நம்பிக்கை வரும், உங்களுக்கு வாயடைச்சுப் போயிடும். இந்த கைடு அந்த ரூமுக்குள்ள உக்காரப் போற உங்களுக்கும், உங்க கூட வரப் போற அக்கா தம்பி ஃப்ரெண்டுக்கும் சேத்துதான்.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல நல்லா ஏத்திக்கணும். கன்வர்ஷன் தெரபி, அதாவது ஒருத்தரோட ஈர்ப்பை மாத்திடறேன்னு பண்ற வைத்தியம்னா, ஏதோ போலி சாமியார், மந்திரிக்கறவங்க சமாச்சாரம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அதுவும் நடக்குது, ஆனா இதுக்குன்னு தியரி எழுதினவங்க, மெஷின் செஞ்சவங்க, ஜர்னல்ல போட்டவங்க எல்லாம் பேராசிரியர்கள், டாக்டர்கள், பெரிய யூனிவர்சிட்டி ஆட்கள். 1889லயே பாரிஸ்ல நடந்த ஹிப்னாடிசம் மாநாட்டுல ஷ்ரெங்க்-நோட்சிங்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுந்து நின்னு, 45 தடவை ஹிப்னாடிசம் பண்ணி, கூடவே விபச்சார விடுதிக்கும் அனுப்பி, ஒரு ஆளை மாத்திட்டேன்னு சொன்னாரு. அப்புறம் வியன்னாவுல ஸ்டைனாக்னு ஒருத்தர், வேற ஆளோட விதைப்பையில இருந்து விதையை எடுத்து வச்சு தைச்சா சரியாயிடும்னு நம்பினாரு. மேற்கு ஜெர்மனில 60கள்ல மூளைக்குள்ள ஆபரேஷனே பண்ணாங்க. யாருமே லைசென்ஸ் இல்லாதவங்க இல்ல. அதனால சுவத்துல மாட்டியிருக்கற டிகிரியைப் பாத்து பயப்படவும் வேண்டாம், அதைப் பாத்து நம்பவும் வேண்டாம், கையில இருக்கற ஆய்வைத்தான் கேள்வி கேக்கணும். நூறு வருஷத்துக்கு மேல இந்த ஆய்வுகள் எல்லாமே திரும்பத் திரும்ப ஒரே சில இடத்துலதான் உடைஞ்சிருக்கு, அந்த இடம் எதுன்னு தெரிஞ்சா போதும், நீங்க சைக்காலஜி படிச்சிருக்கவே வேண்டாம்.

ஆய்வுல பேசறது யாரு?

டாக்டர் “27 பெர்சன்ட் மாறினாங்க”ன்னு சொன்னா அது அனேகமா பீபர் ஆய்வு. இர்விங் பீபர், நியூயார்க் சைக்கோஅனலிஸ்ட் (ஃப்ராய்ட் வழியில பேசியே வைத்தியம் பாக்கறவர்), 1962ல வந்தது, 106 கே ஆண்கள், ஒப்பிட்டுப் பாக்க 100 பேர். பெரிய ஆய்வு மாதிரி தெரியும். ஆனா அந்த 106 பேர்ல ஒருத்தர்கிட்ட கூட நேரா எதுவும் கேக்கல, அவங்களுக்கு வைத்தியம் பாத்துட்டு இருந்த 77 அனலிஸ்ட்டுங்ககிட்ட கேள்வித்தாளைக் குடுத்து “உங்க பேஷன்ட் எப்படி”ன்னு கேட்டாங்க, அவங்க நிரப்பிக் குடுத்தாங்க. வைத்தியம் பாக்கறவரே மார்க் போடறாரு, அதுவும் வருஷக்கணக்குல ஃபீஸ் வாங்கிட்டு, மாத்த முடியும்னு ஏற்கனவே நம்பிட்டு. மாறினதா சொன்ன 29 பேர்லயும் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆரம்பத்துலயே பைசெக்ஷுவல், அதாவது அவங்களுக்கு பெண்கள் மேலயும் ஈர்ப்பு முன்னாடியே இருந்துச்சு. இதைக் கழிச்சுப் பாருங்க என்ன மிஞ்சுதுன்னு. எல்லாருமே சைக்கோஅனலிஸ்ட்கிட்ட போன ஆட்கள் வேற, அதாவது ஏதோ ஒரு கஷ்டத்தோட வந்தவங்க, அவங்களை வச்சு ஊர்ல இருக்கற எல்லா கே ஆண்களும் நோயாளின்னு முடிவு கட்டினாங்க.

இதுக்கு 5 வருஷம் முன்னாடியே, 1957ல, லாஸ் ஏஞ்சலீஸ்ல ஈவ்லின் ஹூக்கர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் செஞ்சதை இது பக்கத்துல வச்சுப் பாருங்க, எனக்கு இந்த வரலாறுலயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். அவங்ககிட்ட படிச்ச ஒரு பையன், கே, “எங்களை மாதிரி ஆட்களை நீங்க ஆராய்ச்சி பண்ணணும்”னு கேட்டான், அதுல ஆரம்பிச்சது. 30 கே ஆண்கள், 30 ஸ்ட்ரெய்ட் ஆண்கள், யாரும் ஆஸ்பத்திரில இருந்தோ ஜெயில்ல இருந்தோ பிடிச்சுட்டு வந்தவங்க இல்ல, சாதாரணமா வேலைக்குப் போயிட்டு இருக்கறவங்க, வெளிய தெரிஞ்சா போலீஸ் பிடிக்கும்ங்கற காலம் அது, அதனால தன் வீட்டுத் தோட்டத்துல இருந்த தனி ரூம்லயே வச்சு அவங்களோட பேசினாங்க. மைக்கறையைக் காட்டி என்ன தெரியுதுன்னு கேக்கற டெஸ்ட் உட்பட அன்னைக்கு பெரிசா மதிச்ச டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க, பேரை எடுத்துட்டு பேப்பரை மட்டும் அந்தத் துறையோட பெரிய எக்ஸ்பர்ட்டுங்ககிட்ட குடுத்து “இதுல யாரு கே, யாருக்கு மனநலம் எப்படி இருக்கு சொல்லுங்க”ன்னாங்க. ப்ரூனோ க்ளோப்ஃபர் மாதிரி அந்த டெஸ்ட்லயே ஜாம்பவானா இருந்தவரால கூட பிரிச்சு சொல்ல முடியல. எல்லாருக்கும் நோய்னு சொல்லிட்டு இருந்த நோய் பேப்பர்ல கண்ணுக்கே தெரியல.

அதனால நீங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி, மரியாதையாவே கேளுங்க: “டாக்டர், இதுல மாறினாங்கன்னு சொன்னது யாரு, அவங்களேவா, இல்ல ட்ரீட்மென்ட் குடுத்தவங்களா? அது தெரியாத மூணாவது ஆள் யாராவது செக் பண்ணாங்களா?” இந்த ஒரு கேள்விலயே பாதி பேப்பர் கீழ விழுந்துடும்.

எதை அளந்தாங்க?

50கள்ல இருந்து 70கள் வரைக்கும் பிஹேவியர் தெரபி ஆட்கள் வந்தாங்க, அவங்க “நாங்க அனலிஸ்ட்டு மாதிரி கதை பேசல, அளந்து காட்டறோம்”னு சொன்னாங்க. அவெர்ஷன் தெரபி, அதாவது வலியோ குமட்டலோ குடுத்து வெறுப்பு வர வைக்கறது. ப்ராக்ல குர்ட் ஃப்ராய்ன்ட்னு ஒரு டாக்டர் (சிக்மண்ட் ஃப்ராய்ட் வேற, குழப்பிக்காதீங்க) வாந்தி வர்ற மருந்தைக் குடுத்து குமட்டல் வர்ற நேரத்துல ஆண்கள் படத்தைக் காட்டறது, அப்புறம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுட்டு பெண்கள் படம் காட்டறதுன்னு பண்ணாரு. மான்செஸ்டர்ல மக்கல்லக், ஃபெல்ட்மன்னு ரெண்டு பேர் 1967ல 43 பேரை வச்சு ஒரு பேப்பர் போட்டாங்க, அதுல ஆண் படம் ஸ்லைடுல வரும், 8 செகண்டுக்குள்ள நீங்களே சுவிட்சை அமுக்கி படத்தை மாத்தலன்னா கரண்ட் ஷாக், மாத்தினா நிம்மதி, சில சமயம் பெண் படம் வரும். இங்க ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இது உடம்புல தோல்ல குடுத்த ஷாக், டிப்ரஷனுக்கு மயக்கமருந்து குடுத்து மூளைக்கு ஷாக் வைக்கற இசிடி வேற, ரெண்டையும் ஒண்ணா போட்டுப் பேசினா டாக்டர் அதைப் பிடிச்சுட்டு உங்களை மடக்கிடுவாரு.

இந்த மெஷின் உண்மையில எதை மாத்துச்சுன்னு யோசிங்க. ஷாக்குக்கு பயந்து ஒரு ஆள் ஸ்லைடைப் பாத்ததும் சுவிட்சை வேகமா அமுக்கக் கத்துக்கிட்டான், உடம்பு அந்தப் படத்துக்கு ஒடுங்கிப் போச்சு. பயம் வந்துச்சு, அவ்வளவுதான், பயம் ஒரு பக்கம் வந்ததால இன்னொரு பக்கம் காதல் முளைக்காது. பேப்பர்ல “இம்ப்ரூவ்டு”ன்னு போட்டது பெரும்பாலும் பேஷன்ட் வந்து “இப்ப பரவால்ல டாக்டர்”னு சொன்னதை வச்சு. கரண்ட் வைக்கற ஆள்கிட்ட வேற என்ன சொல்வாங்க? நெட்லி ராணுவ மருத்துவமனைல 1962ல ஒரு இளம் பிரிட்டிஷ் கேப்டன் இந்த வாந்தி மருந்து ட்ரீட்மென்ட்ல செத்தே போனாரு.

2004ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல, அந்த ட்ரீட்மென்ட்டை எடுத்த 29 பேரைத் தேடிக் கண்டுபிடிச்சு அவங்க வாயாலயே சொல்ல வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, முப்பது நாப்பது வருஷம் கழிச்சு. அதுல வர்றது தனிமை, வெக்கம், யார்கிட்டயும் சொல்ல முடியாத காயம். பலர் ஏன் போனாங்கன்னா வீடும் ஊரும் கோர்ட்டும் தள்ளினதால.

ஃப்ராய்ன்ட் என்ன ஆனாரு தெரியுமா, அது முக்கியம். 67 பேரோட ரிசல்ட்டை அவரே வருஷக்கணக்குல தொடர்ந்து பாத்தாரு, கோர்ட் பிடிச்சு அனுப்பின ஆட்கள்கிட்ட கிட்டத்தட்ட ஒண்ணுமே நிக்கல, கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களுக்கும் ஆண்கள் மேல இருந்த ஈர்ப்பு போகல. அதை மறைக்காம ஒத்துக்கிட்டாரு, இதைக் குற்றமா வச்சிருக்கக் கூடாதுன்னு பேசினாரு, செக்கோஸ்லோவாக்கியா 1961லயே அந்தச் சட்டத்தை எடுத்துச்சு. “கால்கட்டு போட்டா சரியாயிடும்”னு நம்ம வீட்ல சொல்வாங்கல்ல, அதை ஒரு டாக்டர் அளந்து பாத்து அப்படி ஆகலன்னு சொன்ன ஆய்வு 60 வருஷத்துக்கு மேல பழசு. அதனால ரெண்டாவது கேள்வி: “கல்யாணம் ஆச்சுங்கறதையும் அமைதியா இருக்காங்கங்கறதையும் மாறினதா கணக்குல எடுத்தாங்களா? ஈர்ப்பை அளந்தாங்களா, பயத்தை அளந்தாங்களா?”

எத்தனை வருஷம் கழிச்சுப் பாத்தாங்க?

இது பெத்தவங்களுக்கு, குறிப்பா பையன் “பொண்ணு மாதிரி நடக்கறான்”னு சின்ன வயசுலயே கூட்டிட்டுப் போறவங்களுக்கு. படிக்க கஷ்டமா இருக்கும், ஆனா தெரிஞ்சுக்கணும்.

1974ல கலிஃபோர்னியா யூனிவர்சிட்டில, லாஸ் ஏஞ்சலீஸ்ல, ஜார்ஜ் ரெக்கர்ஸ், ஐவார் லோவாஸ் ரெண்டு பேரும் ஒரு குட்டிப் பையனைப் பத்தி பேப்பர் போட்டாங்க. பேப்பர்ல அவன் பேர் கிரெய்க், உண்மையான பேர் இல்ல. பொம்மையோட விளையாடினா அம்மா முகத்தைத் திருப்பிக்கணும், துப்பாக்கி பொம்மையை எடுத்தா சிரிச்சுப் பேசணும்னு அம்மாவுக்கு ட்ரெயினிங். வீட்ல நீல டோக்கன், சிவப்பு டோக்கன், “ஆம்பளை மாதிரி” நடந்தா நீலம், இல்லன்னா சிவப்பு, சிவப்பு சேந்தா அப்பாகிட்ட அடி. கொஞ்ச மாசத்துல பையன் “மாறிட்டான்”னு எழுதிட்டாங்க, அந்தப் பையனை வெற்றிக்கு உதாரணமா அதுக்கப்புறம் வருஷக்கணக்கா காட்டினாங்க. அவன் வளந்து கே ஆணாத்தான் இருந்தான், 2003ல, 38 வயசுல, தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டான். 2011ல அம்மாவும் அண்ணனும் தங்கச்சியும் டிவில வந்து சொன்னப்பதான் உலகத்துக்கே தெரிஞ்சது, அந்த அம்மா யூனிவர்சிட்டி ஆட்களை நம்பித்தான் அதெல்லாம் பண்ணாங்க. அந்தப் பேப்பரை வெளியிட்ட ஜர்னல் 2020லதான் அது மேல கவலை தெரிவிச்சு ஒரு குறிப்பு போட்டுச்சு. 46 வருஷம். அந்தப் பையனோட மொத்த வாழ்க்கையை விட நீளம்.

அதனால “ஆறு மாசத்துல ரிசல்ட் தெரியும்”னு யாராவது சொன்னா, கேளுங்க, பத்து வருஷம் இருபது வருஷம் கழிச்சு யாரு போய்ப் பாத்தாங்கன்னு. குழந்தை அடங்கிப் போறதும் குழந்தை மாறிப் போறதும் ஆறு மாசத்துல பாக்கறவங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

ஆட்களை எங்க பிடிச்சாங்க?

கொஞ்சம் விவரம் தெரிஞ்ச டாக்டரா இருந்தா பீபர் பக்கம் போக மாட்டாரு, “1973ல இதை நோய் லிஸ்ட்ல இருந்து எடுத்தாரே ஸ்பிட்சர், அவரே அப்புறம் மாத்தலாம்னு நிரூபிச்சாரு”ம்பாரு. இதுக்குத் தயாரா போங்க, ஏன்னா பாதி உண்மை. ராபர்ட் ஸ்பிட்சர் அமெரிக்க சைக்கியாட்ரி சங்கத்துல 1973 மாற்றத்துக்கு முக்கியமான ஆளு, 2001ல சொல்லி 2003ல வெளியிட்ட ஆய்வுல 200 பேர்ல நிறைய பேருக்கு மாற்றம் வந்ததா எழுதினாரு, அதுவும் உண்மை. ஆனா எப்படி பண்ணாரு? ஆளுக்கு 45 நிமிஷம் ஃபோன்ல பேசினாரு, அவ்வளவுதான். அந்த 200 பேர்ல பெரும்பகுதி “நாங்க மாறிட்டோம்”னு பிரசாரம் பண்ற மத அமைப்புகளும், நார்த்னு 1992ல சோகரைட்ஸ், நிக்கலோசி, காஃப்மன் ஆரம்பிச்ச கன்வர்ஷன் தெரபிஸ்ட் சங்கமும் அனுப்பின ஆட்கள், பலர் மேடையில இதைப் பத்திப் பேசறவங்க. மாறாதவங்க கணக்கு எங்கயும் இல்ல, ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு இல்ல. அப்புறம் 2012ல ஸ்பிட்சரே அந்த ஜர்னலுக்கு எழுதினாரு, அவங்க சொன்னது நம்பத்தக்கதான்னு கண்டுபிடிக்க என் ஆய்வுல வழியே இல்ல, இதை நம்பி நேரத்தையும் உழைப்பையும் வீணாக்கின கே மக்கள்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்னு. டாக்டர் முதல் பாதியைச் சொன்னா நீங்க ரெண்டாம் பாதியைச் சொல்லுங்க, வருஷத்தோட சொல்லுங்க, 2012.

அந்த மத அமைப்புகள்ல பெரிசு எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், 1976ல ஆரம்பிச்சது, 2013ல அதோட தலைவரே மன்னிப்பு கேட்டு கடையை மூடிட்டாரு.

“1973ல ஓட்டு போட்டுத்தானே எடுத்தாங்க, அது அறிவியலா”ன்னும் கேப்பாங்க. 1973 டிசம்பர் 15 அன்னைக்கு சங்கத்தோட போர்டு ஆய்வுகளைப் பாத்துதான் எடுத்துச்சு, ஹூக்கர் மாதிரி ஆட்களோட வேலை அதுக்குப் பின்னாடி இருக்கு. மெம்பர் எல்லாரும் ஓட்டு போடணும்னு 1974ல கேட்டது யாருன்னா, எடுக்கக் கூடாதுன்னு சொன்ன சோகரைட்ஸ் தரப்புதான், ஓட்டுலயும் அவங்கதான் தோத்தாங்க, 5,854க்கு 3,810. அதுக்கு முன்னாடி 1972ல டல்லஸ் மாநாட்டுல ஒரு சைக்கியாட்ரிஸ்ட் முகமூடி போட்டு, விக் வச்சு, குரலை மாத்தற மைக்ல “நான் கே, நான் சைக்கியாட்ரிஸ்ட்”னு பேசினாரு, பேர் சொன்னா வேலை போயிடும்ங்கற நிலைமை. அவர் ஜான் ஃப்ரையர். தன்னைப் பத்தின முடிவை எடுக்கற ரூம்ல தன் முகத்தைக் காட்ட முடியாம ஒரு டாக்டர் உக்காந்திருந்தாரு, அதை அரசியல்னு ஒதுக்கிட முடியுமா?

“அவனே விருப்பப்பட்டுத்தான் வந்திருக்கான்”

கடைசில இங்கதான் வந்து நிக்கும். 1973ல கதவைச் சாத்தினவங்க ஒரு ஜன்னலைத் திறந்து வச்சாங்க, அந்த சங்கத்தோட நோய் லிஸ்ட் புத்தகமான டிஎஸ்எம்மோட, 1980ல வந்த மூணாவது பதிப்புல “ஈகோ டிஸ்டோனிக்”னு ஒண்ணு, அதாவது தன் ஈர்ப்பு தனக்கே பிடிக்கலன்னா அது நோய்னு. 1987ல அதையும் எடுத்துட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 1990ல தன்பாலீர்ப்பை லிஸ்ட்ல இருந்து எடுத்துச்சு, ஆனா இந்த ஈகோ டிஸ்டோனிக் மட்டும் அவங்க லிஸ்டான ஐசிடியோட பத்தாவது பதிப்புல தங்கிடுச்சு, நம்ம ஊர் டாக்டர்ங்க பலர் ஃபைல்ல இதை எழுதித்தான் ட்ரீட்மென்ட்டை ஓட்டினாங்க. 2022ல அமலுக்கு வந்த பதினோராவது பதிப்புல அது கிடையாது. ப்ரிஸ்கிரிப்ஷன்ல அந்த வார்த்தையைப் பாத்தீங்கன்னா “எந்தப் பதிப்பு டாக்டர் இது”ன்னு கேளுங்க.

விருப்பம்ங்கறதைப் பத்தி நேர்மையா பேசினவர் ஜெரால்ட் டேவிசன். பிஹேவியர் தெரபி சங்கத்தோட தலைவர், 1974ல தலைவர் உரையிலயே சக தெரபிஸ்டுங்களைப் பாத்து, பேஷன்ட்டே வந்து கேட்டாலும் நாம இதைச் செய்யக் கூடாதுன்னாரு. வெளிய இருக்கறவங்க எல்லாரும் ஒரு மனுஷனை வெறுத்தா அவனும் தன்னை வெறுத்துட்டுத்தான் நம்மகிட்ட வருவான், நாம இந்த ட்ரீட்மென்ட்டை வச்சிருக்கறதே அவன்கிட்ட “ஆமா நீ சரி பண்ண வேண்டிய ஆளுதான்”னு சொல்றதுங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். அம்மா தூக்குல தொங்கிடுவேன்னு சொன்ன மறுநாள் போடற கையெழுத்து என்ன விருப்பம்னு நீங்களே யோசிங்க.

2009ல அமெரிக்க சைக்காலஜி சங்கம் 1960ல இருந்து 2007 வரைக்கும் வந்த 83 ஆய்வுகளை எடுத்து அலசினாங்க, மாத்த முடியும்ங்கறதுக்கு உருப்படியான ஆதாரம் இல்ல, டிப்ரஷன், தற்கொலை எண்ணம் மாதிரி கெடுதல் வர்றதுக்கு வாய்ப்பு இருக்குன்னாங்க. அமெரிக்க சைக்கோஅனலிடிக் சங்கம் 2019ல பழசுக்கெல்லாம் பகிரங்கமா மன்னிப்பு கேட்டுச்சு. ஒரே ஒரு பேப்பர் பேர் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இந்த 2009 அறிக்கையை வச்சுக்கோங்க.

அம்மாகிட்ட எப்படி பேசறது

டாக்டரை விட இது கஷ்டம். நம்ம அம்மாக்கள் முக்கால்வாசிப் பேர் “என் வளர்ப்பு சரியில்லையோ”ன்னு உள்ளுக்குள்ள வெந்துட்டு இருப்பாங்க, டாக்டரும் “சின்ன வயசுல அப்பா கூட இருந்தாரா, நீங்க ரொம்ப செல்லம் குடுத்தீங்களா”ன்னு கேட்டு அதை இன்னும் கிளறி விடுவாரு. அந்தக் கேள்வியே பீபர் ஆட்கள் விட்டுட்டுப் போனது. மகனை இறுக்கிப் பிடிச்சுக்கற அம்மா, ஒதுங்கிப் போற அப்பா, அதனாலதான் பையன் இப்படின்னு எழுதினாங்க, பெத்தவங்களைப் பாக்காமயே எழுதினாங்க, அதை நம்பி ஒரு தலைமுறை அம்மாக்கள் குற்ற உணர்ச்சியிலயே செத்தாங்க. இதே தியரியைக் கடைசி வரைக்கும் பேசின சார்ல்ஸ் சோகரைட்ஸோட சொந்த மகன் வெளிப்படையான கே, க்ளின்டன் காலத்துல வெள்ளை மாளிகைல ஆலோசகரா இருந்தவர்.

அதே மாதிரி ஒரு அமெரிக்க அம்மா 1935ல சிக்மண்ட் ஃப்ராய்டுக்கே லெட்டர் போட்டாங்க. அவர் பதில் எழுதினாரு, இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, இது கெட்ட பழக்கமும் இல்ல, இழிவும் இல்ல, நோய்னு சொல்ல முடியாதுன்னு, மாத்தித் தரேன்னு உறுதி குடுக்க முடியாதுன்னும், ஆனா உங்க மகன் மனசு உடைஞ்சு போயிருந்தா அதுக்கு உதவ முடியும்னும். அவர் எழுதின எல்லாமே சரின்னு நான் சொல்ல வரல, அதே லெட்டர்ல பாலியல் வளர்ச்சி எங்கயோ நின்னு போச்சுங்கற மாதிரியும் எழுதியிருக்காரு. ஆனா அம்மாகிட்ட எடுத்துச் சொல்ல அந்த பதில் நல்லா உதவும், ஒரு தாய்க்கு எழுதினதுங்கறதால. “அம்மா, உன் மேல தப்பு இல்ல, உன்னைத் தப்புன்னு சொன்ன டாக்டருங்களே பின்னாடி மன்னிப்பு கேட்டாங்க”ன்னு சொல்லுங்க, சத்தம் போடாம, ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டாம, அத்தை சித்தி எல்லாரும் கூடியிருக்கறப்ப வேண்டவே வேண்டாம்.

இங்க சட்டம் என்ன சொல்லுது, ரூம்ல என்ன செய்யணும்

நம்ம நாட்டுலயும் இதே வரலாறு இருக்கு, 1982லயே இந்திய சைக்கியாட்ரி ஜர்னல்ல பிஹேவியர் முறைல மாத்தினதா பேப்பர் வந்திருக்கு, 2001ல இந்த மாதிரி ட்ரீட்மென்ட் பத்தி தேசிய மனித உரிமை கமிஷன்ல புகார் குடுத்தப்ப கமிஷன் கையில எடுக்கல, அப்ப இதைக் குற்றமா வச்சிருந்த 377வது சட்டப்பிரிவு இருந்த காலம். இப்ப நிலைமை வேற. இந்திய சைக்கியாட்ரி சங்கம் 2018ல இது நோய் இல்லன்னு சொல்லியாச்சு, அதே வருஷம் செப்டம்பர் 6 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல இது குற்றமும் இல்லன்னு ஆயிடுச்சு. 2021 ஜூன் 7, மெட்ராஸ் ஹைகோர்ட்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்குல, ஒருத்தரோட ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவ ரீதியா மாத்த முயற்சி பண்றதைத் தடை பண்ணாரு, செய்யற டாக்டர் லைசென்ஸை எடுக்கறது வரைக்கும் நடவடிக்கை எடுக்கச் சொன்னாரு. அதுக்கு முன்னாடி இதைப் புரிஞ்சுக்கணும்னு அவரே ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட உக்காந்து கேட்டுக்கிட்டாரு, அதை ஆர்டர்லயே எழுதியும் வச்சாரு. அந்த வழக்கோட தொடர்ச்சியா 2022ல தேசிய மருத்துவ கமிஷன் கன்வர்ஷன் தெரபி தொழில்முறைத் தவறுன்னு மாநில கவுன்சில்களுக்கு எழுதிடுச்சு. பாடப்புத்தகம் தான் இன்னும் இழுத்துட்டு இருக்கு, 2024ல கூட லெஸ்பியனை “இயற்கைக்கு மாறான குற்றம்”னு மருத்துவப் பாடத்திட்டத்துல திரும்ப சேத்து, எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கினாங்க. அதனால டாக்டர் பழசையே பேசினா ஆச்சரியப்படாதீங்க, அவர் படிச்சது அது.

போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணி வைங்க, 18 வயசு ஆயிடுச்சுன்னா. 2017 மனநல சட்டத்துல 14வது பிரிவு, உங்களுக்கு மனநல விஷயத்துல யாரு பிரதிநிதின்னு நீங்களே நியமிக்கலாம், ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி கையெழுத்து போட்டா போதும், அந்த ஆளும் சம்மதம்னு எழுதிக் குடுக்கணும், அப்பா அம்மாவாத்தான் இருக்கணும்னு இல்ல, நம்பிக்கையான ஃப்ரெண்டா இருக்கலாம். இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. உங்களை வீட்ல சேந்து எங்கயாவது அட்மிட் பண்ணப் பாத்தா இந்தத் தாள் பெரிய துணை. ஒரு காப்பி அந்த ஃப்ரெண்டுகிட்ட இருக்கட்டும், ஃபோட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க, ஃபோனைப் பிடுங்கிட்டாலும் எங்கயாவது இருக்கும்.

ரூம்ல முதல்ல ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் கேளுங்க. சைக்கியாட்ரிஸ்ட்னா மருத்துவ கவுன்சில் நம்பர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) நம்பர். ரெண்டும் இல்லாத “கவுன்சலர்”னா எழுந்து வந்துடலாம். அப்புறம் “எதுக்கு ட்ரீட்மென்ட், டயக்னோசிஸ் என்னன்னு எழுதிக் குடுங்க”ன்னு கேளுங்க. சமுதாயத்தோட ஒழுக்கத்துக்கும் பழக்கத்துக்கும் ஒத்துப் போகலங்கறதை வச்சு ஒருத்தருக்கு மனநோய்னு சொல்லக் கூடாதுன்னு அதே சட்டம் 3வது பிரிவுல இருக்கு. 25வது பிரிவுல உங்க ஃபைலைக் கேட்டு வாங்கற உரிமை இருக்கு. சேத்து வைக்கற சென்டர்னா மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கான்னு கேளுங்க.

எல்லா சைக்காலஜிஸ்டையும் பாத்து பயப்பட வேண்டாம், நல்லவங்க நிறைய இருக்காங்க, உங்களுக்கு தூக்கம் இல்ல, சாகணும் போல இருக்குன்னா கண்டிப்பா ட்ரீட்மென்ட் வேணும். நல்ல ஆளை எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, உங்க தூக்கம், சாப்பாடு, பயம், வீட்ல நடக்கற சண்டை பத்திக் கேப்பாங்க, அம்மாவை தனியா உக்கார வச்சு அம்மாவோட பயத்தைக் கேப்பாங்க, நீங்க யாரை விரும்பறீங்கங்கறதை சரி பண்ண வேண்டிய விஷயமா எடுத்துக்க மாட்டாங்க. ராத்திரில மனசு தாங்கலன்னா அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்ல பேசலாம், காசு இல்ல. அடைச்சு வச்சிருந்தாலோ அடிச்சாலோ 112, இலவச சட்ட உதவி 15100.

டாக்டர் மேல புகார் குடுக்கணும்னா தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுத்துல குடுங்க, அதுல ப்ரிஸ்கிரிப்ஷன் காப்பி, ஃபீஸ் ரசீது, போன தேதி, அவர் சொன்னதை அன்னைக்கே எழுதி வச்ச நோட்டு, கூடவே 2021 ஜூன் 7 தீர்ப்பும் 2022 மருத்துவ கமிஷன் கடிதமும் குறிப்பிடுங்க. ரசீது குடுக்க மாட்டேன், டயக்னோசிஸ் எழுதித் தர மாட்டேன்னு டாக்டர் சொன்னா, கூட வந்தவங்க முன்னாடியே இன்னொரு தடவை கேளுங்க, அப்பவும் இல்லன்னா அந்த “மாட்டேன்”ங்கறதையும் தேதி, நேரத்தோட நோட்டுல எழுதி கூட வந்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு கிளம்பிடுங்க.